முப்பத்திரண்டை ஒன்று என்று எழுதியவள்

யோகேஸ்வரி பொய்க் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெங்கம் என்ற சிற்றூரில் பிறந்தவள். சிங்கப்பூருக்கு இக்கரையில், தம்போயில் இருக்கும் எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடங்களாகக் கணினிப் பிரிவு என்றாலே அவள்தான். மதியச் சாப்பாட்டிலிருந்து ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் தானே போய்ச் சொல்லிவிடுவாள். அடுத்த மேசையில் உட்கார்ந்து இத்தனை காலம் பார்த்தவள் நான். அவளா பொய் சொல்வாள்?

நடந்தது இதுதான். எங்கள் சரக்கு மென்பொருளுக்கு வருடா வருடம் லைசன் எடுக்க வேண்டும். ஒரு பிராசசருக்கு ஒரு லைசன். போன வருடம் புது சர்வர் வந்தது. வேறு யாராவது என்றால் பழைய விண்ணப்பப் பாரத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள். இவள் மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்தே எண்ணினாள். ஒரே பிராசசர் சிப். ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இன்று சோதனைக்கு வந்த மென்பொருள் நிறுவனத்து மெலிசா, பாரத்தின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினாள்.

“இப்பல்லாம் சிப்பை எண்ண மாட்டோம்லா. அதுக்குள்ள தனித்தனியா வேலை செய்யற கோரை எண்ணுவோம். உங்க சிப்ல முப்பத்திரண்டு கோர் இருக்கு. முப்பத்திரண்டு லைசன் வேணும்.”

யோகேஸ்வரியின் முகம் வெளிறிவிட்டது. கணினித் திரையை மெலிசா பக்கம் திருப்பினாள். கோருக்கு ஒன்றாக ஓடிய முப்பத்திரண்டு கோடுகளில் ஒன்றுதான் துள்ளிக்கொண்டிருந்தது.

“உங்க சாஃப்ட்வேர் ஒரே கோர்லதாங்க ஓடுது. பழைய டிசைன். மத்ததெல்லாம் சும்மா கெடக்கு.”

“சும்மா கெடந்தாலும் கணக்குதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாக் கோர்களுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும்படி மென்பொருளை மாற்றி எழுத வக்கில்லை, எண்ணிக் காசு கேட்க மட்டும் தெரிகிறது!

மேலாளர் ஜெயபாலனுக்கோ கோபம் அவள்மேல். “கையெழுத்து போட்டது நீங்கதானே, யோகேஸ்? என்னென்ன வேலை பாக்கறீங்கன்னு எழுதி ஒப்படைச்சிட்டுக் கெளம்புங்க.”

அவள் எழுதினாள். சர்வர், தொலைபேசி, வாசல் கேமரா, சம்பள நிரல், விரல்ரேகை இயந்திரம், சிங்கப்பூருக்குப் போகும் சரக்கின் பத்திரங்கள்... தாள் நிரம்பிப் பின்பக்கமும் ஓடியது.

ஜெயபாலன் இரண்டு முறை படித்தார். “இவ்வளவும் யார் பாக்கறா?”

“நான்தான், சார்.”

“அலமாக்!” என்று வாயைப் பிளந்தாள் மெலிசா. “எங்க ஆபீஸ்ல இதுக்கு ஆறு பேரு.”

ஜெயபாலன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “லைசன் விஷயத்த நான் பேசிக்கறேன். நீங்க போய் வேலையப் பாருங்க.”

என்னோடு வெளியே வந்ததும் யோகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். வேலை தப்பிய நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

“ஆறு பேராக்கா?” என்றாள். “பத்தொன்பது வருஷமா ஒரு ஆள் சம்பளம்தானே வாங்கினேன். நான் எண்ணவே இல்லையே!”