எட்டுப் பாகம் ஆல்பம் இங்கே கிடைக்கும்

போட்டோ ஸ்டூடியோக்காரன் ஊரில் உள்ள அத்தனை பேரையும் தலைகீழாகப் பார்த்தவன். கருப்புத் துணிக்குள் தலையை விட்டால், பழைய ஸ்டாண்டு காமிராவில் தாசில்தாரும் தலைகீழ்தான், மாப்பிள்ளையும் தலைகீழ்தான். துணியை விட்டு வெளியே வந்து அவர்களை நேராகப் பார்க்கும்போதுதான் தொல்லை தொடங்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் துணி விற்றிருந்தாலும் சரி, மாத்திரை விற்றிருந்தாலும் சரி, நாம் பட்டது ஒன்றுதான்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்த எழுபதுகளில், படமே இல்லாத ஓர் ஆல்பத்தை விற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் வாய் திறந்து யாரையும் எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல. அதனால் அப்போது சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்போது எழுதுகிறேன்.

முதுகுப் படம்

செல்வின் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க். அவனும் சிநேகிதர்கள் மூவரும் கிட்டார், டிரம் வைத்துக்கொண்டு தாங்களே தமிழில் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். சினிமாப் பாட்டைத் தொடுவதில்லை என்பது கொள்கை. யாரும் அவர்களைக் கச்சேரிக்குக் கூப்பிடாமல் இருக்க அந்தக் கொள்கையே போதுமாக இருந்தது. முத்துக் குளிப்பவர்கள் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். அதைப் பிடித்துக்கொண்டு தங்கள் குழுவுக்கு ‘எட்டுப் பாகம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நால்வரில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது.

மெட்ராசில் போய்ப் பாடி இசைத்தட்டு போடப் போகிறோம், அட்டைக்குப் படம் வேண்டும் என்று வந்தார்கள். அந்தத் தட்டைத்தான் ஆல்பம் ஆல்பம் என்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கடலைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு முகமும் தெரியக் கூடாதாம். முகத்துக்காக மனிதர்கள் பவுடர் பூசிக்கொண்டு வரும் கடை என்னுடையது. நெகட்டிவைப் பார்த்துவிட்டு, எனக்கு டச்சிங் வேலை செய்யும் ஆறுமுகம் சொன்னான்: “முகத்துல பரு இருந்தா எடுத்துருவேன் அண்ணாச்சி. முதுகுல நான் என்னத்தத் திருத்த?”

எட்டுக் கருப்புப் பக்கம்

தட்டு வைக்கும் அட்டையைச் சிவகாசியில் செய்துகொண்டு வந்தார்கள். காலண்டர் அட்டையை விடக் கனம். புத்தகம் போலத் திறக்கும். மேலே என் படம். பின் அட்டையின் உள்புறத்தில் தட்டைச் செருக ஒரு பை. நடுவே எட்டுப் பக்கங்கள், எட்டும் கன்னங்கரேலென்று வெறுமையாக இருந்தன. அச்சடிக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, பாட்டு வரிகள் எங்கே என்று கேட்டேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு பாகம் ஆழமாம். புரட்டப் புரட்ட நாம் கீழே போகிறோமாம். செல்வின் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “கடலுக்கு அடியில எழுத்து எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

அப்பாவின் கெடு

செல்வினுடைய அப்பா ஞானமுத்து உப்பளம் வைத்திருந்தார். ஒரே மகன் அளத்துக்கு வராமல் கிட்டாரைக் கட்டிக்கொண்டு திரிவது அவருக்கு ஆறாத குறை. தட்டு விற்கும் கடைக்காரரோ, சினிமாப் படம் பெயர் இல்லாத தட்டை அலமாரியில் வைக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். அதனால் நூறு தட்டும் என் ஸ்டூடியோவுக்கு வந்தன. படம் எடுத்தவர் நீங்கள்தானே, நீங்களே விற்றுக் கொடுங்கள் என்றான் செல்வின். எனக்கு மறுக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் ஸ்டூடியோ வைக்கிறேன்?

ஞானமுத்து ஒரு தட்டை எடுத்து, நடு ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார். பிறகு என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: “கிறிஸ்மஸுக்குள்ள அம்புட்டும் வித்துட்டா, நீ காலம் பூரா பாடிக்கிட்டு கெட. ஒண்ணு மிஞ்சினாலும் கிட்டாரப் பரண்ல போட்டுட்டு அளத்துக்கு வந்துரணும், ஆமா.”

மிச்சம் ஏழு

வாசலில் செல்வினே ஒரு போர்டு எழுதி வைத்தான்: ‘எட்டுப் பாகம் ஆல்பம் இங்கே கிடைக்கும்.’ முதலில் வந்தவர் ஸ்ரீவைகுண்டத்து வாத்தியார் ஒருவர். மெத்தப் படித்தவர். அட்டையைத் திறந்தார். எட்டுக் கருப்புப் பக்கங்களையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “எட்டாம் பாகத்த மட்டும் வாங்கி நான் என்ன செய்ய? முதல் ஏழும் வந்தப்புறம் ஆளனுப்புங்க, மொத்தமா எடுத்துக்கிடுதேன்.”

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு தட்டுகூட நகரவில்லை. சனிக்கிழமைதோறும் செல்வின் வந்து அலமாரியில் தட்டுகளை எண்ணிவிட்டுப் போவான். மற்ற மூவரும் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆத்தூர் மாமன்மார்

ஆத்தூரிலிருந்து ஒரு அம்மாள் மகளின் கல்யாணப் படங்களை வாங்க வந்தார். போர்டைப் பார்த்து ஆல்பம் கேட்டார். நான் கல்யாண ஆல்பங்களைக் காட்டினேன். அந்த அம்மாளின் கண் செல்வினுடைய அட்டை மீது போயிற்று. கல்யாண ஆல்பத்துக்கு நாம் படம் ஒட்டுவதும் கருப்பு அட்டையில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கங்களைத் தடவிப் பார்த்தார். விலை மற்றதில் பாதி. இது பாட்டுத் தட்டு அம்மா என்று சொன்னேன். அதற்கென்ன என்பது போலத் தட்டை உருவி, கவுண்டரில் என் பக்கமாகத் தள்ளினார்.

கூட வந்திருந்த மகள் மேல்படத்தைக் காட்டி, இது யாரு என்று கேட்பார்களே என்று தயங்கினாள். அம்மாள் யோசிக்கவே இல்லை. “நாலு முதுகுதானளா? ஒங்க மாமன்மாரு கடல்ல குளிக்காவன்னு சொல்லிக்கிடலாம்.”

தட்டின் பயன்

அதற்கப்புறம் பிடித்தது ஓட்டம். ஆத்தூர் அம்மாளின் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சாகுபுரம் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கினார்கள். கடற்கரைத் தெருவில், மாதா கோயிலில் முதல் நன்மை எடுத்த பிள்ளைகளின் படங்களுக்கு இதுதான் வேண்டும் என்றார்கள். பெரும்பாலோர் தட்டைக் கவுண்டரிலேயே உருவி வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் மட்டும் அது இருக்கட்டும் என்று கொண்டுபோனார்கள். பாட்டுக் கேட்கத்தான் என்று ஒரு கணம் நானும் நம்பினேன். அப்படிக் கொண்டுபோன நாசரேத்துக்காரர் ஒருவர், தட்டை விரலால் தட்டிப் பார்த்து என்னைப் பாராட்டினார்: “நல்ல யோசனங்க. உள்ள இப்படி ஒண்ணு இருந்தாத்தான் படம் மடங்காது.”

சனிக்கிழமை விசாரணை

அலமாரி காலியாகக் காலியாகச் செல்வின் ஆளே மாறினான். ஆபீசை விட்டுவிடப் போவதாகச் சொன்னான். ஒதுங்கிய மூவரும் திரும்பி வந்தார்கள். எந்தப் பாட்டைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள் என்று என்னைக் கேட்டான். எனக்குப் பொய் சொல்ல வராது. எல்லாருக்கும் அட்டை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அவன் நண்பர்களின் பக்கம் திரும்பினான். “அட்டையே இப்படிப் பிடிச்சிருக்குன்னா, பாட்டு எப்படிப் பிடிச்சிருக்கும்னு பாத்துக்கிடுங்கல!”

சாக்கு

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு அப்பாவும் மகனும் சேர்ந்தே வந்தார்கள். அலமாரி சுத்தமாகக் காலி. ஞானமுத்து அலமாரிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் ஆறுமுகம் உள்ளேயிருந்து கழுவின படங்களைக் கொண்டு வந்தான். ஈரப்படம் காயும்போது சுருளாமல் இருக்க, மேலே கனத்துக்கு அவன் அடுக்கி வைத்திருந்தவை செல்வினுடைய தட்டுகள். உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. மேஜை மேல் மொத்தமும் தெரிந்தது. செல்வின் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினான். நூற்றில் எண்பத்து மூன்று இருந்தன. மீதிப் பதினேழும் எந்தெந்த வீட்டுக் கல்யாணப் படம் மடங்காமல் காக்கின்றன என்பதை ஆறுமுகமே ஒப்பித்துவிட்டான்.

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வியாபாரி. “எதுக்குல மூஞ்சியத் தொங்கப் போடுத? நூறும் வித்தாச்சு. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன், நீ பாடிக்கிட்டே கெட. உப்ப வாங்குதவன் கொழம்புல போடுதானா, கருவாட்டுல போடுதானான்னு நாம கூடப் போயா பாக்கோம்?”

செல்வின் தட்டுகளை ஓரம் சரிபார்த்து அடுக்கி வைத்தான். “உப்ப வாங்குதவன் உப்பக் கொட்டிட்டுச் சாக்க மட்டும் கொண்டு போறானாப்பா?” கைத்தூசியைத் தட்டிவிட்டு அவனே முடிவும் சொன்னான்: “திங்கக்கெழமைலருந்து அளத்துக்கு வாரேன். அங்க உப்பையாவது உப்புன்னு சொல்லி வாங்குதான்.”

ஜெயித்த பந்தயத்தைத் தோற்றதாக்கி மகன் நடந்தான். தோற்ற பந்தயத்தில் கேட்டது கிடைத்தும் சந்தோஷப்படத் தெரியாமல் அப்பா பின்னால் போனார். ஆறுமுகம் காலி அலமாரியைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டான். “அப்ப இவங்க அடுத்த ஆல்பம் போட மாட்டாங்களா அண்ணாச்சி? தையில முகூர்த்தம் நெறைய இருக்கே!”

ஒரு ஆல்பம் நூறும் விற்றுத் தீர வேண்டுமானால், அதற்குள் பாட்டு இருப்பது பெரிய இடைஞ்சல் ஒன்றும் இல்லை, உருவி வைத்துவிடலாம்.