பூட்ஸுக்குள் முதலில் நுழைந்த கால்

சிலருக்குக் கைராசி, சிலருக்கு முகராசி. இவருக்கு வாய்த்தது கால். கால்பந்து பூட்ஸ் செய்யும் தொழிற்சாலையில் புது மாதிரி எதுவானாலும் முதலில் ஒரே ஓர் அளவில்தான் தைப்பார்கள். தோலை இழுத்துப் போர்த்துவதற்குக் கால் வடிவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை உண்டு. அதை அச்சு என்பார்கள். அந்த அச்சும் இவர் காலும் இரட்டைப் பிள்ளைகள். ஆட்டக்காரர் என்று பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. தொழிற்சாலை அணியில் பின்வரிசையில் நின்று, வந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தவர்தான். ஆனாலும் கால் பொருந்தியதால் பேக்கிங் பிரிவிலிருந்து தூக்கிப் பரிசோதகர் ஆக்கினார்கள். 'அச்சுக்கால்' என்ற பட்டப்பெயரும் கூடவே வந்தது. அப்படி யாராவது கூப்பிட்டால் மனிதர் காலைக் கொஞ்சம் முன்னே நீட்டி வைத்துக்கொள்வார்.

கட்டடத்துக்குப் பின்னால் சின்ன மைதானம், ஒரு பாதி புல், மறு பாதி செயற்கைப் புல். ஓரத்தில் ஒரு சுவர். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், சுவரில் பந்தை உதைத்து, திரும்பி வருவதைக் காலால் நிறுத்த வேண்டும். பிறகு வடிவமைக்கும் மேடத்திடம் போய்க் காலுக்குச் சுகமா, பந்து படுகிற உணர்வு எப்படி, அடியிலிருக்கும் குமிழ் போன்ற ஸ்டட்கள் தரையைக் கவ்வுகின்றனவா என்று சொல்ல வேண்டும். இவர் சொல்வது "பரவால்லங்க", மிஞ்சிப்போனால் "கொஞ்சம் வழுக்குதுங்க". அதுவே போதுமானதாக இருந்தது, சகலை வந்து சேரும்வரை.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவன். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையைக் காலைப் பிடித்து உள்ளே சேர்த்துவிட்டவரே இவர்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். இரண்டாவது பரிசோதகர் ஒருவர் வேண்டும் என்றபோது எல்லார் காலையும் அளந்து பார்த்தார்கள். சகலையின் காலும் அச்சு அளவு! அன்று பிடித்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அணையவில்லை.

அவனுக்கு வாய் வேறு இருந்தது. "பந்து கால்ல வந்து உக்காருதுங்க, நான் வாவான்னு கூப்பிடவே வேண்டியதில்ல" என்பான். மேடம் சிரிப்பார். "வலது பக்கம் திரும்பும்போது ஸ்டட் தரையை விட மாட்டேங்குது, முட்டிதான் பாவம்" என்பான். மேடம் உடனே வரைபடத்தைத் திருத்துவார். இத்தனை வருஷத்தில் இவர் சொல்லி மேடம் ஒரு கோட்டைக்கூட அழித்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது காதை அறுத்துப் போட்டுவிடலாமா என்றிருக்கும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முதல் கால் போனதுதான் பொறுக்கவில்லை. தோல் பூட்ஸ் இருக்கிறதே, அது முதலில் நுழைகிற காலுக்குத்தான் இளகிக்கொடுக்கும். முதல் கால் வைப்பவர் மூத்தவர் என்பது அங்கே எழுதாத சட்டம். ஒரு வருஷமாக இவர் வந்து சேர்வதற்குள் சகலை பூட்ஸைப் போட்டு, ஓடி, கழற்றியும் வைத்துவிடுகிறான். தொட்டால் உள்ளே ஈரம் வேறு. அவன் வியர்வை என்று நினைத்து முகம் சுளித்துக்கொண்டே காலை நுழைப்பார்.

"என்ன சகலை, பந்திக்கு முந்தியாச்சா?" என்று கேட்டால், "சும்மா பாத்தேண்ணே" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பில் ஒரு உதை விட வேண்டும்போல இருக்கும்.

வீட்டில் மனைவியிடம் கொட்டினால் அங்கேயும் ஆறுதல் கிடையாது. "அவரு சுறுசுறுப்பா சீக்கிரம் வர்றாரு. நீங்களும் சீக்கிரம் போறது! யாரு வேண்டாங்கிறா?"

இப்படியிருக்கையில் மேடம் இருவரையும் கூப்பிட்டார். "அடுத்த சீசன்லேருந்து ஒருத்தர் போதும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இந்தப் புது மாடலை ரெண்டு பேரும் போட்டுப் பாத்துச் சொல்லுங்க. யார் இருக்கிறதுன்னு அதை வச்சு முடிவு பண்றேன். இன்னொருத்தர் பேக்கிங்குக்குப் போகணும்."

அன்று இரவு தூங்கினார் என்றா நினைக்கிறீர்கள்? விடிந்ததும் விடியாததுமாகப் போய், மாதிரி தைக்கும் அறையின் வாசலில் தவம் கிடந்து, தையல்காரர் கையிலிருந்து பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டார். மெல்லிய, மெத்தென்ற தோல். இழுபடாமல் இருக்க உட்பக்கம் நெசவுத்துணி ஒட்டியிருந்தார்கள். 'இன்னிக்கு முதல் கால் என்னோடதுடா' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு காலை நுழைத்தார்.

கட்டைவிரல் போய் முட்டியது. நாலு அடி ஓடியதும் நகத்தில் உயிர் போனது. திரும்பினால் ஸ்டட்கள் நன்றாகத்தான் கவ்வின. ஆனால் பூட்ஸ் நின்ற இடத்தில் கால் நிற்காமல் முன்னே போய் இடித்தது. நொண்டிக்கொண்டே மேடத்திடம் போனார்.

"முன்னாடி ரொம்ப இறுக்குதுங்க. அளவே தப்பு."

பக்கத்தில் நின்ற தையல்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நான் அச்சு மாறாமத்தான் தச்சேன்."

அடுத்து சகலை போட்டான். ஓடினான், திரும்பினான், பந்தை நிறுத்தினான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. போச்சு, இப்போது கவிதை பாடப்போகிறான் என்று இவர் நினைத்தார்.

சகலை இவர் முகத்தை ஒருமுறை பார்த்தான். "அண்ணன் சொல்றது சரிதாங்க. எனக்கும் இறுக்குது" என்றான்.

மேடம் சும்மா இருக்கவில்லை. கால் அளக்கும் இரும்புத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். சகலையின் கால் கோட்டில் கனகச்சிதமாக நின்றது. இவருடைய கால் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. வயதானால் பாதம் தட்டையாகிக் கால் நீளும் என்பது அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். தன் காலுக்கும் வயதாகும் என்று அச்சுக்கால் மட்டும் நினைத்ததே இல்லை.

மேடம் சகலையிடம் திரும்பினார். "உங்களுக்கு இறுக்க வாய்ப்பே இல்லையே. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

சகலை தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணனுக்கு நகம் கறுத்துப்போயிருந்ததைப் போன வருஷமே பாத்தேங்க. சொன்னா வேலை போயிடும். அதான் காலைல நான் முதல்ல வந்து, உள்ள தண்ணி தடவி, ரெண்டு சாக்ஸ் மாட்டிக்கிட்டு ஓடித் தோலைத் தளர்த்தி வைப்பேன். இன்னிக்கு அண்ணன் முந்திக்கிட்டாரு. நான் முந்தியிருந்தாலும் இந்தத் தோல் தளராது, உள்பக்கம் துணி ஒட்டியிருக்கு."

அந்த ஈரம் வியர்வை இல்லை.

மேடத்துக்கு வந்ததே கோபம்! "ஒரு வருஷமா இழுத்துவிட்ட பூட்ஸை வச்சா நான் முடிவு பண்ணியிருக்கேன்? கால் வளர்றது யாரோட தப்பும் இல்ல, அவருக்கு ஏத்த அச்சு ஒண்ணு செஞ்சுக்கலாம். பொய் சொல்ற கால் எனக்கு வேண்டாம். நீங்க பேக்கிங்குக்குப் போங்க."

இவர் ஜெயித்துவிட்டார். கேட்டது கிடைத்துவிட்டது. சகலை உட்கார்ந்து நிதானமாக லேஸை அவிழ்த்தான். "விடுங்கண்ணே, நம்ம வீட்டுக்குள்ளதானே வேலை இருக்கு" என்று சிரித்தான், அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவருக்கு முன்னெப்போதும் இல்லாத அளவு பற்றி எரிந்தது. கால் அவனுக்கு, வாய் அவனுக்கு, இப்போது நல்லவன் என்ற பேரும் அவனுக்கா? வேலையை விட்டுக்கொடுத்துவிட்டு மகராசனாகப் போவான். இவர் வாழ்நாளெல்லாம் அவன் போட்ட பிச்சையில் ஓட வேண்டுமா?

"மேடம்!" என்று கத்தினார். "அவன் பொய் சொன்னது எனக்காகத்தான். புது அச்செல்லாம் வேண்டாம். அவனே இருக்கட்டும். நான் பேக்கிங்குக்குப் போறேன்."

பெருந்தன்மை என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்தீர்கள். அத்தனையும் பொறாமை. ஆனால் மேடத்துக்கு அது தெரியுமா? "நீங்க பெரிய மனுஷன்" என்றார். இனி இப்படிச் செய்தால் தொலைத்துவிடுவேன் என்று எச்சரித்து சகலையை இருக்கச் சொன்னார். சகலை கண் கலங்க இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கும் வராதுண்ணே" என்றான். அப்பாடா! இவருக்கு வயிறு குளிர்ந்தது. கடைசியில் ஒன்றிலாவது அவனை முந்தியாயிற்று.

அந்தக் குளிர்ச்சியோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். வேலையை விட்டுக்கொடுத்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா உங்களுக்காக அந்த மனுஷன் ஈர பூட்ஸ்ல ஓடியிருக்காரே! என்ன மனசு பாத்தீங்களா? அவருக்கு இதைக்கூட நீங்க செய்யலைன்னா எப்படி?"