முழங்கைக்குள் குடியேறிய நாண்

என் மகன் முகிலனுக்கு முழங்கையில் நோவு கண்டபோது, நான் அரசுக் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். செங்கல்பட்டில் பள்ளி ஆண்டு விழாக்களுக்குத் தலைமை தாங்க என்னை அழைப்பது வழக்கம். எறியப்பட்ட பொருள் செல்லும் பாதையைக் கரும்பலகையில் வரைந்து பல தலைமுறை மாணவர்க்கு விளக்கியவன் நான். எதையும் மிகைப்படுத்தும் இயல்பு எனக்கில்லை என்பதற்காகவே இதை முதலில் கூறுகிறேன்.

முகிலன் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரன். படூர்ப் பக்கத்துக் கல்லூரியில் படித்தபோது அந்த ஆட்டத்தைக் கற்றான். பின்னர் வளைகுடா நாட்டு லீக் ஒன்றில் ஒப்பந்தமானான். ஆட்டத்தைத் தொடங்கிய எறிவீரர் களைத்த பிறகு, இறுதிக் கட்டத்தில் இறங்கி மிகுந்த வேகத்தில் எறிவது அவன் வேலை. அவனை ‘ரிலீஃப் பிட்சர்’ என்பார்கள்.

“கொஞ்ச நேர வேலைதானே” என்று உறவினர் சொல்வதுண்டு. எப்போது அழைப்பார்கள் என்பது அவனுக்கே தெரியாது. ஆடுகள வேலிக்குப் பின்னால் எறிந்து எறிந்து கையைச் சூடேற்றுவான், அழைப்பு வராது. உட்காருவான்; மறுபடி எழுந்து எறிவான். பார்வையாளர் எவரும் காணாத அந்த எறிகள் அனைத்தையும் முழங்கை தாங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் தொலைபேசியில் சொன்னான்: “அப்பா, சுண்டுவிரல் மரத்துப்போச்சு. பந்து எங்க போவுதுன்னே தெரியல.” முறையிடும் வழக்கம் இல்லாதவன் அவன். அவனை ஊருக்கு வரச் சொன்னேன்.

சென்னையில் எலும்பு மருத்துவரான பெண்மணி ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வலது முழங்கையின் உட்புற லிகமெண்ட் (எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நார்) கிழிந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு டெண்டனை (தசையை எலும்போடு பிணைக்கும் நாண்) எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டு, ஊசியில் நூல் கோப்பதுபோல் கோக்க வேண்டும் என்றார். மீண்டும் பழைய வேகத்தில் எறிவானா என்று கேட்டேன். “பல பேர் திரும்பியிருக்காங்க. எல்லாரும் இல்ல, சார்” என்றார்.

அந்த நாண் சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லையாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால், இருப்பவர்க்கு அது தோலுக்கடியில் கயிறுபோல் எழும். அந்த அறையிலேயே மூவரும் மடக்கிப் பார்த்தோம். முகிலனுக்கு இடக்கையில் மட்டும் இருந்தது. என் மனைவி சாரதாவுக்கு இரு கைகளிலும் இருந்தது.

“என்னோடத எடுத்துக்கக் கூடாதா டாக்டர்?” என்றாள்.

“அவர் கையிலயே இருக்கேம்மா.”

எனக்கு இரண்டிலும் இல்லை. “ப்ரொஃபசர்கிட்ட இல்லாததும் ஒண்ணு இருக்கு” என்றாள் சாரதா. அன்று முகிலன் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. கைக்குக் கீல் வைத்த பட்டை போட்டு, தோளிலிருந்து தூளியில் தொங்கவிட்டார்கள். இதே நிலையில் இருக்கும் குடும்பத்தினர் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

பட்டை கழற்றப்படுவதற்கு முன்னரே, செய்யூரில் என் தங்கை மகளின் திருமணம் வந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் தேங்காய், பழத்தோடு தாம்பூலத் தட்டை முகிலனிடம் நீட்டினார். பெரியவர் தருவதை இடக்கையால் வாங்குவது எங்களில் எவரும் செய்யாதது. யாரும் எதுவும் சொல்வதற்குள் அவன் தூளியிலிருந்து வலக்கையை உருவித் தட்டைப் பெற்றுக்கொண்டான். தட்டு கனமானது. அவன் முகம் வெளுத்ததைக் கண்டேன்.

பந்தி முடிவதற்குள் முழங்கை வீங்கிவிட்டது. கோத்த நாண் அறுந்திருந்தால் அவன் தொழில் அத்தோடு முடிந்தது. அங்கிருந்தே காரில் சென்னைக்கு விரைந்தோம்.

“இடது கையால வாங்கியிருந்தா யாரு என்ன சொல்லியிருப்பாங்க?” என்றார் மருத்துவர்.

“உறவினர் சொல்லியிருப்பார்கள், டாக்டர்.”

“அவங்க யாரும் பந்து எறியப் போறதில்லையே, சார்.”

பிறகு ஸ்கேன் கருவியை முழங்கைமேல் நகர்த்தித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நாண் அறுபடவில்லை. அதன் ஓரத்தில் சிறு நிறப்புள்ளிகள் மின்னி மறைந்தன. புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம் என்றார். தசையின் இழுப்பை எலும்புக்குக் கடத்தப் பிறந்த நாண், எவரும் கற்பிக்காமலே, எலும்பைக் கட்டும் லிகமெண்டாக மாறத் தொடங்கியிருந்தது. வாழ்நாள் முழுவதும் விசையைப் பற்றிப் பாடம் நடத்தியவன் அத்திரையின் முன் எழுந்து நின்றேன்.

பல மாதங்களுக்குப் பின் மாமல்லபுரம் கடற்கரையில் அவன் பந்தைத் தொட்டான். எதிரே கையுறையோடு குந்தியிருந்தவன் ஏழுமலை. கல்லூரி அணியில் அவனுடைய பந்துகளைப் பிடித்தவன், இப்போது சிற்பக்கூடத்தில் வேலை.

“இன்னா மச்சான், பூ மாதிரி போட்டுகினு கீற? நான் இன்னா கண்ணாடியா?”

“டாக்டரம்மா இவ்ளோதான் போடச் சொல்லிகீறாங்க. மூடிகினு புடி.”

வாரந்தோறும் தொலைவும் வேகமும் சிறிது சிறிதாகக் கூடின. முழு வேகத்துக்கு அனுமதி கிடைத்த காலையில் நான் ஏழுமலைக்குப் பின்னால் நின்றேன். பந்து வந்ததை நான் காணவில்லை. கையுறையில் அது மோதிய ஓசை மட்டுமே என் நெஞ்சில் விழுந்தது.

ஏழுமலை கையை உதறினான். “உளி புடிச்சுக் காய்ச்ச கை நைனா இது. இதுக்கே எரியுது.”

முகிலன் மறு பருவத்தில் லீக்குக்குத் திரும்பினான். அவன் எறிவதைக் கைப்பேசியில் பார்க்கும்போது, பந்து கையை விட்டு நீங்கும் கணம் எனக்கு மிக நீண்டதாகத் தோன்றுகிறது; ஓராண்டுக்கும் மேலான காலம் அந்த ஒரு கணத்துக்குள் இருக்கிறது. என் மணிக்கட்டை இப்போதும் சில வேளைகளில் மடக்கிப் பார்க்கிறேன். ஒன்றும் எழுவதில்லை. ஆயினும் உடலை நான் அறிந்த பொருளாக இனி எண்ண இயலவில்லை.

முழங்கைக்குள் இரும்புக் கம்பி வைத்ததால் அவன் வேகம் கூடியதாகச் செங்கல்பட்டில் சிலர் கூறிவருகின்றனர். கம்பி எதுவும் வைக்கப்படவில்லை. வேகமும் கூடவில்லை. முன்பு எறிந்த வேகத்தில்தான் எறிகிறான்.