மூன்றாம் பாகத்தில் என் மரணம்

என் கணவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. சகுனம், கனவு, பல்லி விழுந்த பலன் எதையும் அவர் ஏற்கமாட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோதுகூட, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முற்றத்தில் போய் நின்றவர். அவர் நம்பியது அச்சில் வந்ததை மட்டும்தான். நெய்யாற்றின்கரை தாலுகா கச்சேரியில் நகல் எழுதும் குமஸ்தாவாக இருந்தார். நாள் முழுக்கக் கையால் எழுதுகிறவர் என்பதால் கையெழுத்தில் எவ்வளவு பொய் எழுதலாம் என்று அவருக்குத் தெரியும். அச்சு அப்படியல்ல என்பார். ஒருவன் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, காகிதத்தில் அழுத்துகிறானே, இத்தனை பாட்டையும் ஒரு பொய்க்காகப் படுவானா என்று கேட்பார். 

எங்கள் வீடு உதியன்குளங்கரையில், பெரிய ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கச்சேரிக்கு நடந்து போவார், சாயங்காலம் நடந்து வருவார். வரும்போது, அங்கே எல்லோரும் படித்துக் கசங்கிய பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். விளக்கு ஏற்றியதும் அதை உரக்க வாசிப்பார். நான் அடுக்களையில் வேலை செய்தபடி கேட்பேன்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தைந்தில், நாகர்கோவிலுக்குப் போன கச்சேரிக்காரர் ஒருவர் அவருக்கு ஒரு நாவல் வாங்கி வந்து கொடுத்தார். மூன்று பாகம் உள்ளது. கடையில் இரண்டுதான் இருந்ததாம். அன்று முதல் பத்திரிகை முடிந்ததும் நாவலில் ஓர் அத்தியாயம் வாசிப்பது வழக்கமாயிற்று. இரண்டுக்கும் ஒரே குரல்தான். அரிசி விலை எங்கே முடிந்தது, கதாநாயகியின் கண்ணீர் எங்கே தொடங்கியது என்று அடுக்களையிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம்.

முதலில் யானையில்தான் ஆரம்பித்தது. நாவலில் ஒரு திருவிழாவில் யானைக்கு மதம் பிடித்துப் பந்தலைச் சாய்த்தது. நாலைந்து நாள் கழித்து, வடக்கே ஒரு கோயிலில் யானை மதம் பிடித்து ஓடியதாகப் பத்திரிகையில் வந்தது. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். யானைகள் வருஷந்தோறும் அப்படித்தானே செய்கின்றன என்றேன்.  அவர் நாவலின் அந்தப் பக்கத்தில் ஒரு தென்னை ஈர்க்கை அடையாளமாக வைத்தார்.

அடுத்தது வால்நட்சத்திரம். நாவலில் விடியற்காலையில் கிழக்கே வால்நட்சத்திரம் தோன்றும். அதைப் பார்த்து ஒரு ஜமீன்தார் மயங்கி விழுவார். நாங்கள் அந்த அத்தியாயத்தை வாசித்த சித்திரை மாசத்தில், நிஜமான வால்நட்சத்திரமே கிழக்கில் வந்து நின்றது. குளத்துக்குப் போகும் பெண்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, அச்சிட்ட வருஷத்தைப் பார்த்தார். பல வருஷத்துக்கு முந்தியது.

அதற்கப்புறம் நாவலில் ஒரு சக்கரவர்த்தி இறந்தார். எந்த நாடு என்று ஆசிரியர் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆகியிருக்காது, ஒருநாள் என் கணவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சீமையில் சக்கரவர்த்தி காலமாகிவிட்டாராம், கச்சேரியை அடைத்துவிட்டார்களாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னார்.

“இது எழுதினவனுக்கு எல்லாம் தெரியும், கேட்டியா.”

அதன் பிறகு பத்திரிகையை, நாவலில் வந்ததோடு ஒத்துப்பார்க்கத்தான் வாசித்தார். நாவலில் வந்து பத்திரிகையில் வராதவை ஏராளம் இருந்தன. இளவரசியை யாரும் கடத்திக்கொண்டு போகவில்லை, பாழும் மண்டபத்தில் புதையல் அகப்படவில்லை. கேட்டால், செய்தி இங்கே வந்து சேர நாளாகும் என்பார்.

இரண்டாம் பாகத்தில் கதை வேறு திசையில் போயிற்று. ஜமீன்தாரும் இளவரசியும் போய், ஒரு தாலுகா கச்சேரி குமஸ்தா வந்தான். நல்லவன், யாருடனும் அதிகம் பேசாதவன். அவன் மனைவி கோட்டை உள்ள ஓர் ஊர்க்காரி; அவளுக்குக் கல்யாணமாகாத ஒரு தங்கை. என் பிறந்த வீடு தக்கலைக்குப் பக்கம். அங்கே கோட்டை உண்டு. எனக்குத் தங்கையும் உண்டு. இந்தப் பகுதியை வாசிக்கும்போது அவர் குரல் இறங்கிப்போயிற்று. ஆசிரியர் எப்போதாவது நெய்யாற்றின்கரைக்கு வந்து போயிருக்க வேண்டும் என்றார். வந்தவர் ஜமீன்தாரை விட்டுவிட்டு உங்களையா பார்த்தார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மனைவிக்கு லேசாக இருமல் வருவதோடு இரண்டாம் பாகம் முடிந்தது.

மூன்றாம் பாகத்துக்கு அவர் எங்கெங்கோ சொல்லிவைத்தார். ஆனி மாசம் அது வந்து சேர்ந்ததாகப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் பத்திரிகையை வாசித்து முடித்ததும் விளக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் எதையோ படித்தார். உதடு மட்டும் அசைந்தது. நாவல் இல்லையா என்று கேட்டேன். இல்லை, கச்சேரிக் காகிதம் என்றார்.

மறுநாள் காலையில் நான் குளத்துக்குக் கிளம்பியபோது, வேண்டாம் என்றார். மழைத் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்றார். அவரே விறகு வைத்துப் பெரிய செம்பில் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். கல்யாணமான நாள் முதல் அடுப்படிப் பக்கம் வராதவர். அதன் பிறகு தினமும் வெந்நீர்தான். கச்சேரி விட்டு வரும்போது ஒருநாள் சுக்கும் மிளகும், ஒருநாள் செந்துளுவன் வாழைப்பழம், ஒருநாள் கம்பளி. இன்னொரு நாள் மேலே போட புளியிலைக்கரை நேரியல் வாங்கி வந்தார், புதுத்துணி எடுக்க ஓணம்கூட இல்லை. குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள் ஏற்பாடு செய்தார். நான் தும்மினால் எழுந்து நிற்பார்.

பக்கத்து வீட்டில் என்னைவிட மூத்த ஒருத்தி இருந்தாள். இதையெல்லாம் வேலிக்கு அந்தப் புறமிருந்து கவனித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“மக்கா, சும்மா கிடந்த ஆம்பிளைக்குத் திடீர்னு சினேகம் கூடினா, அதுக்கொரு காரணம் உண்டு,” என்றாள்.

அவள் நினைத்த காரணம் எனக்குப் புரிந்தது. அப்படி ஒரு பெண் இருந்தால் நேரியலை அவளுக்குத்தானே வாங்குவார் என்று சமாதானம் செய்துகொண்டேன். இருந்தாலும் மனம் நிற்கவில்லை. ஆடி மாசம் ஒரு காலையில் நெல் எடுக்கப் பத்தாயத்தைத் திறந்து கையை விட்டபோது, குறைந்துபோன நெல்லுக்கு அடியில் துணியில் சுற்றிய மூன்றாம் பாகம் அகப்பட்டது. நான் பார்க்கக் கூடாது என்று, வீட்டில் நான் தினமும் கை விடுகிற இடமாகப் பார்த்து ஒளித்து வைத்திருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து படித்தேன். அடுப்பில் உலை கொதித்து வற்றியது. இருபத்தோராம் அத்தியாயத்தில் அந்த மனைவி ஐப்பசி மழையில் விடியுமுன் குளத்தில் குளித்துவிட்டு வருகிறாள், ஜன்னி கண்டு படுக்கிறாள், தங்கையின் கையை எடுத்துப் புருஷன் கையில் வைத்துவிட்டுச் சாகிறாள். நன்றாக எழுதியிருந்தார், எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினால், இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் என் தங்கைக்கு முகூர்த்தப்பட்டு எடுக்கிறார்கள். இரண்டு அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு பூவின் படம் மட்டும் போட்டிருந்தது. இருபத்துமூன்றில் அவன் தாசில்தார் ஆகிவிடுகிறான்.

புத்தகத்தைத் துணியில் சுற்றி நெல்லுக்குள் வைத்து மூடினேன். எனக்குப் பயம் வந்ததா என்றால், வந்தது. எனக்கு அச்சில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் வால்நட்சத்திரத்தை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதைவிட, அந்தப் பூப் படம் மனதில் நின்றது. அவர் அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவரிடம் கேட்டால் வெந்நீர் நின்றுவிடும் என்றும் யோசித்தேன். கேட்கவில்லை.

என் தங்கை எங்கள் வீட்டில் சில நாள் இருந்துவிட்டுப் போக வருவதாக இருந்தது. வரவேண்டாம் என்று அவர் என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. தங்கைக்கு வருத்தம், அம்மாவுக்கு அதைவிட வருத்தம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே காட்டாக்கடைக்குக் கிளம்பினார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான்; யாரிடமோ முன்பே விசாரித்து வைத்திருந்தார். அங்கே மலஞ்சரக்கு வியாபாரம் செய்கிற நம்மவர்கள் வீட்டில் ஒரு பையன். மிளகும் சுக்கும் வாங்கி விற்கிறவர்கள். பையனைப் பார்த்துப் பேசிவிட்டு, அங்கிருந்து திரும்பி, தக்கலைக்குப் போய் என் அப்பாவிடம் சொன்னார். அப்பா தை மாசம் பார்க்கலாம் என்றாராம். தை முடியாது, ஆவணியில் முடிக்க வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். அப்படி என்ன அவசரம் என்று அப்பா கேட்டதற்கு, வால்நட்சத்திரம் வந்த வருஷம், ஐப்பசிக்கு மேல் காலம் சரியில்லை என்று சொன்னார். ஜாதகத்தையே நம்பாத மாப்பிள்ளை இப்படிச் சொல்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அப்பா அன்றே சம்மதித்துவிட்டார்.

இதைக் கேள்விப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் அத்தியாயத்தை அந்த மனுஷன் எப்படிப் படித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் என் கணவரைப் புகழ்ந்தார்கள். மச்சினிக்காக இப்படி அலைந்த மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை என்றார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. அவ்வளவு நாளும் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தும் எனக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது, பிறகு குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. அவர் கச்சேரிக்குப் போகவில்லை. குன்னத்துகாலிலிருந்து வைத்தியரைக் கூட்டி வந்தார். கஷாயம் அவரே வைத்தார். பாதி நாள் கருகிவிடும், மறுபடி வைப்பார். கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கொடுக்கும்போது பாதி என் கழுத்தில் சிந்தும். சவரம் செய்யாத முகத்தில் நரைத்த முடி தெரிந்தது. அவருக்கு நரை இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

ஒருநாள் மத்தியானம், மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, சொல்லிவிட்டேன்.

“மூணாம் பாகம் நான் வாசிச்சாச்சு.”

அவர் கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்தார். “எப்போ?”

“ஆடியிலே.”

“பின்னே ஏன் சொல்லல்ல?”

“வெந்நீர் நல்லா இருந்துது,” என்றேன்.

 அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு கச்சேரியில் ஒரு வழக்கை விளக்குகிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“பயப்படாண்டாம். அதுலே அவ போறப்போ தங்கச்சி பக்கத்துலே இருக்கா. ஒன் தங்கச்சி காட்டாக்கடையிலேயாக்கும். கையைப் பிடிச்சுக் கொடுக்க ஆளில்லாம அந்த அத்தியாயம் எப்படி நடக்கும்?”

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

“நான் போயிருந்தா நீங்க தாசில்தார் ஆயிருப்பிய,” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது வேற காரியம்,” என்றார்.

அன்றே காய்ச்சல் இறங்கவில்லை. மேலும் சில நாள் படுத்திருந்தேன். வைத்தியர், இது மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு வருகிற காய்ச்சல்தான் என்றார். இவர் அதை ஒப்புக்கொண்டது போலத் தலையாட்டினார். கார்த்திகையில் நான் எழுந்து அடுக்களைக்கு வந்தேன். வெந்நீர் போடுவது மார்கழி வரைக்கும் தொடர்ந்து, பிறகு நின்றது. நானும் பழையபடி குளத்துக்குப் போனேன்.

அவர் தாசில்தார் ஆகவில்லை. நகல் குமஸ்தாவாகவே இருந்து, கடைசியில் ஒருபடி உயர்ந்து ஓய்வு பெற்றார். அதற்கு நான்தான் காரணம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாவல் படிப்பதையும் விடவில்லை. ஆனால் புது நாவல் வந்தால் முதலில் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று பட்டால்தான் உரக்க வாசிக்கத் தொடங்குவார்.

தங்கைக்குக் காட்டாக்கடை வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அத்தானுக்கு அந்த வருஷம் அப்படி என்ன அவசரம் என்று கேட்டாள். அவர் கச்சேரிக்குப் போயிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அந்தத் தங்கச்சி கடைசியிலே எப்படி இருந்தா?” என்று கேட்டாள்.

சந்தோஷமாக இருந்தாள், தாசில்தார் வீட்டில் பல்லக்கும் வேலைக்காரர்களுமாக இருந்தாள் என்றேன். தங்கை பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். முதல் இரண்டு பாகம் வேண்டாம், மூன்றாம் பாகம் மட்டும் போதும் என்று அதை வாங்கித் துணிமூட்டைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.