சீதாலெட்சுமியின் அறைக்குப் போன கேபிள்

சீதாலெட்சுமிக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்தான். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் வீட்டில் மிக்சி ஓடினால் என்ன சட்னி என்று நான் சொல்லிவிடுவேன். பதினெட்டு வருடம் அப்படிப் பழகியவள், தொண்ணூற்றேழில் மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறேன். சொல்லச் சொல்ல ஆறிவிடும், எனக்கே தெரியும்.

பத்தொன்பது வயதில் சுங்கைவேயில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். விடிவதற்கு முன்பே வந்து நிற்கும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி, எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. இருபத்து மூன்று வருடம் அதையே பார்த்தாள். அந்தக் கண் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு பெருமையாகப் போனால், "வள்ளி, முந்தானையில ஒரு நூல் பிரிஞ்சிருக்கு பாரு" என்று வாசலிலேயே பிடித்துவிடுவாள். எரிச்சலாக வரும். குனிந்து பார்த்தால் பிரிந்துதான் இருக்கும்.

அவள் வீட்டுக்காரர் பக்கிரிசாமி அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் லேஷிங் வேலை பார்த்தவர். கப்பலில் ஏற்றிய சரக்கு கடலில் அசையாதபடி கயிறும் கம்பியும் போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை அது. அவர் கட்டினால் கட்டியதுதான், ஜப்பான்வரை போனாலும் அசையாது என்று பேர். அந்தப் பேரை வீட்டிலும் காப்பாற்றுவார். கேஸ் சிலிண்டரைச் சுவரோடு கட்டி வைத்திருப்பார். குப்பைத்தொட்டியைக் கேட்டோடு கட்டி வைத்திருப்பார். துளசிச் செடிக்குக்கூட நாலு பக்கம் கயிறு. அவர்கள் வீட்டில் பூனை இல்லை. இருந்திருந்தால் அதன் கதி என்னவாகியிருக்குமோ!

சீதா வேலை பார்த்த பிரிவைக் கம்பெனி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனது. அவள் வீட்டோடு இருக்க ஆரம்பித்தாள். பொழுது போகட்டும் என்று அண்ணன் சாட்டிலைட் டிவி வாங்கிப் போட்டார். எங்கள் வரிசையில் அதுதான் முதல் டிஷ். சாயங்காலம் ஐந்து மணித் தொடருக்கு நாங்கள் நாலைந்து பேர் அவள் ஹாலில் போய் உட்கார்ந்துவிடுவோம். தொடர் ஒன்றும் பிரமாதம் இல்லை. அவள் நடுவில் பேசுகிற பேச்சுக்குத்தான் போவோம். "போன சீன்ல கண்ணாடி வளையல், இந்த சீன்ல தங்க வளையல். நடுவுல நகைக்கடைக்குப் போயிட்டு வந்தாளா?" என்பாள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் முக்கியமான வசனம் போயிருக்கும்.

அவளுக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது எல்லாருக்கும் தெரியும். கால் விரலில் புண் வந்ததுதான் யாருக்கும் தெரியாது. ஊரில் உள்ள குறையெல்லாம் கண்டுபிடிக்கிறவள் தன் காலை மட்டும் மறைத்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது முட்டிக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்ற நிலை. எடுத்தார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனோம். நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்கிற முறை தெரியுமே. கையில் மைலோ டின், கண்ணில் தண்ணீர். முதலில் அழுதது நான்தான். உள்ளே நுழைந்தவள் அவள் முகத்தைப் பார்க்காமல் போர்வை எங்கே தட்டையாகக் கிடக்கிறது என்று பார்த்தேன், பார்த்து ஓவென்று அழுதேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். சீதா எங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். மறுநாளிலிருந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சக்கர நாற்காலி வந்தது, ஏறவில்லை. ஊன்றுகோல் வந்தது, தொடவில்லை. குளிக்கப் போவதென்றால் தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து போவாள். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே ஹால் பக்கம் வருவதை நிறுத்தினாள். ரவாங்கில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தால்கூட அந்த அறைக்குள்ளேயேதான் பார்க்க வேண்டும். நான் போனால் அண்ணன் வாசலிலேயே, "தூங்குறா, வள்ளி" என்பார். மூன்று மாதமாகவா ஒருத்தி தூங்குவாள்?

ஹாலில் டிவி ஓடும். அவளுக்குக் கேட்கட்டும் என்று அண்ணன் சத்தத்தைக் கூட்டி வைப்பார். எனக்கும் சுவர் வழியாகக் கேட்கும். ஒரு நாள் அண்ணன் எங்கள் இரண்டு வீட்டுப் போர்ச்சுக்கும் நடுவில் இருக்கும் குட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"டிவிய பின்னறைக்கு மாத்தப் போறேன், வள்ளி. பாவம், சத்தத்த மட்டும் எத்தன நாளைக்குக் கேப்பா? ஹால்ல இருந்து கேபிள இழுத்துட்டா போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா யோசிச்சீங்கண்ணே! அந்த டிவிக்காவது ஒரு நாள் வெளிய வருவான்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். அதையும் உள்ள கொண்டு போய்க் கொடுத்துட்டா அவ எதுக்கு வெளிய வரப்போறா? ஒரேடியா உள்ளயே இருந்துருவா!"

அவர் திருப்பிக் கத்தவில்லை. "அவ என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறா. நான் வேற என்னதான் செய்யட்டும், சொல்லு" என்றார். கோபித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவரே வேலையை முடித்தார். கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், துறைமுகத்தில் முப்பது வருடம் கட்டியவர் ஒரு கேபிளுக்கு ஆள் கூப்பிடுவாரா? போர்ச்சுக் கூரையில் இருந்த டிஷ்ஷிலிருந்து முன் ஜன்னல் வழியாக வந்த கேபிளோடு இன்னொரு நீளத்தைச் சேர்த்து, தரையோரமாக ஹால் சுவரைச் சுற்றிப் பின்னறைவரை கொண்டுபோனார். ஒரு முழத்துக்கு ஓர் ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ராஃபியா கயிற்றால் துறைமுக முடிச்சு. மூலைக்கு மூலை கேபிளைச் சதுரமாக மடக்கி, காலால் சுவரை உதைத்துக்கொண்டு இழுத்து இறுக்கினார். புயல் அடித்தாலும் அந்தக் கேபிள் அசைந்திருக்காது. ஆனால் டிவியில் படம் வரவில்லை.

இதற்குப் பிறகு உள்ளே நடந்ததை அண்ணன் பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டியதைச் சீதா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாளாம். சனிக்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது.

"அந்த முனைய இங்க கொடுங்க. என் கண்ணாடிய எடுங்க."

மூன்று மாதத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் பொருள் அந்தக் கண்ணாடிதானாம். முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மேலே சுற்றியிருக்கும் வெள்ளிக் கம்பிகளில் ஒன்றே ஒன்று நடுச் செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, "மாட்டுங்க" என்றாள். படம் வந்தது. ஆனால் கட்டம் கட்டமாக உடைந்து, ஆள் முகம் ஒரு பக்கமும் வாய் இன்னொரு பக்கமுமாக வந்தது.

"டிஷ் ஆடியிருக்கும், அதான்" என்று அண்ணன் எழுந்தார்.

"டிஷ் ஆடல. வழியில எங்கயோ நசுங்கியிருக்கு."

"நான் கட்டுனது நசுங்குமா? இரு, மேல பாத்துட்டு வரேன்."

வெளியே வந்து ஏணியைப் போட்டு ஏறினார். ஏணியைக் கொண்டுவந்தபோது திறந்த முன் கதவு அப்படியே கிடந்தது. "வள்ளி, டிஷ் சாஞ்சிருக்கா, அங்கேருந்து பாத்துச் சொல்லேன் லா!" என்று கத்தினார். எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனாலும் ஏணியில் நிற்கிற மனுஷனிடம் எப்படி முகத்தைத் திருப்புவது? குட்டைச் சுவர் ஓரமாக வந்து நின்றேன்.

அப்போதுதான் திறந்த கதவு வழியாக அவளைப் பார்த்தேன்.

சீதா ஹால் தரையில் இருந்தாள். மூக்கில் கண்ணாடி. சாரோங்கை வாரிச் செருகியிருந்தாள். இடது கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். வலது கையின் இரண்டு விரல்கள் கேபிளைத் தடவிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு முடிச்சிலும் நின்று, அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டி, அடுத்ததற்குப் போனாள். காலைக் கொடுத்த பிறகு எப்படி இருப்பாளோ என்று மூன்று மாதம் நான் மனதில் என்னென்னவோ படம் போட்டு வைத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும் சீதா. அவ்வளவுதான்.

ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. நான் பார்த்தேன் என்று தெரிந்தால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாளே! குட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அண்ணன் மேலேயிருந்து, "சாஞ்சிருக்கா இல்லயா?" என்று கேட்டார்.

ஜன்னலுக்குக் கீழே மூலையில் அவள் விரல்கள் நின்றன. "இந்தா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தவள், நேரே என்னைப் பார்த்தாள்.

ஒரு நொடி அவள் கை சாரோங்கை இழுத்துவிடப் போனது. நான் அவள் முகத்தை மட்டுமே பார்த்தேன். கண்ணை வேறு எங்கும் விடவில்லை. அந்தக் கை பாதியில் நின்றது.

"வள்ளி, வீட்ல கத்தரிக்கோல் இருக்கா? நல்லா வெட்டுறதா கொண்டு வா. இந்த மனுசன் போட்ட முடிச்ச கடவுளே வந்தாலும் அவுக்க முடியாது."

ஓடினேன். என் நாற்பத்தைந்து வயதில் நான் அப்படி ஓடியதில்லை. மீன் வெட்டுகிற கத்தரிக்கோல்தான் கைக்கு அகப்பட்டது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "இதப் பிடி, ஆட்டாத" என்று கேபிளை என் கையில் கொடுத்தாள். நசுங்கிய துண்டை வெட்டி எறிந்தாள். தோலை உரித்து, வெள்ளிக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் மடக்கி, இணைப்பை முறுக்கினாள். அவள் விரல்கள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மற்ற முடிச்சுகளையும் என்னை வெட்டச் சொன்னாள். மூலையில் கேபிளை மடக்காமல், தட்டில் வைத்த ரொட்டிச்சனாய் அளவுக்கு வட்டமாக வளைத்துத் தொங்கவிட்டாள்.

அண்ணன் இறங்கி வாசலில் வந்து நின்றார். ஹால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முடிச்சுகளெல்லாம் தரையில் குப்பையாகக் கிடந்தன.

"டிஷ் சரியாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக.

"அதான் அப்பவே சொன்னேனே. போய் உள்ள பாருங்க."

அவர் பின்னறைக்கு ஓடினார். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டோம். என்ன பேசுவது என்று தெரியாமல், "மெலிஞ்சிட்ட" என்றேன். "நீ ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிட்டிருக்க போல" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆரம்பித்தோம். எதிர்வீட்டு நாகையா கார் வாங்கிய கதை, கோயில் கூட்டத்தில் நடந்த சண்டை, அவள் பார்க்காமல் விட்ட தொடரில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன.

உள்ளே திடீரென்று பாட்டுச் சத்தம் கேட்டது. தெளிவான சத்தம்.

"சீதா! வந்துருச்சி! படம் கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து பாரு!" அண்ணன் ரிமோட்டோடு ஹாலுக்கு ஓடிவந்தார்.

சீதா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓடட்டும், ஓடட்டும். வள்ளிகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்றாள்.

அவர் அப்படியே நின்றார். கீழே உட்காரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, நான் போய்த் தேத்தண்ணி கலக்குறேன். உனக்குச் சீனி இல்லாம" என்று சமையலறைப் பக்கம் போனார். பின்னறையில் ஆளில்லாமல் டிவி ஓடிக்கொண்டிருந்தது.