செபஸ்தியாருக்குத் தோள் கொடுக்க ஆளில்லை

தெருமுனை ஆசீர்வாதம்

உபதேசியார் வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலை. மீதிப் பாதி, சாமியார் போக விரும்பாத இடத்துக்கெல்லாம் போவது. காரைக்கால் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் நான் இரண்டையும் செய்து ரிட்டயர் ஆனவன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. மழைத்தண்ணீர் வடிந்த கையோடு எங்கள் பங்கின் கடற்கரைத் தெருவில் காலரா வந்தது. முதலில் போனவர் வலைக்காரர் இன்னாசி.

எங்கள் பங்குச் சாமியார் இளவயது. பெர்மாங்கனேட் தண்ணீரில் கை கழுவிக் கழுவி விரலெல்லாம் பழுப்பேறியிருந்தது. அந்த ஞாயிறு பூசையில், “அஞ்சாதிருங்கள், ஆண்டவர் நம்மோடு இருக்கிறார்” என்று பிரசங்கம் வைத்தார். மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டியிருந்ததால் பின்வரிசைக்கு அதில் பாதிதான் கேட்டது.

இன்னாசியின் அடக்கத்துக்குச் சாமியாரைக் கூப்பிடப் போனேன்.

“நீங்க போயி ஜெபம் சொல்லி அடக்கம் பண்ணிடுங்க, உபதேசியாரே. நான் தெருமுனையில நின்னு ஆசீர்வாதம் குடுத்துடுறேன். ஆசீர்வாதத்துக்குத் தூரம் ஏது?”

கல்யாண விருந்து என்றால் அதே ஆசீர்வாதம் அடுப்படி வரைக்கும் வரும். பயப்படுவது குற்றமில்லை. எனக்கும் பயம்தான். பயந்துகொண்டே மற்றவனைப் பயப்படாதே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாலு தோளும் நாலு சாக்கும்

எங்கள் கோயிலில் மரத்தில் செய்த செபஸ்தியார் சுரூபம் ஒன்று உண்டு. இரண்டடி உயரம். மரத்தில் கட்டிவைத்து அம்பெய்த கோலம், உடம்பெல்லாம் அம்பு. கொள்ளைநோய்க்குக் காவல் அவர். வாந்திபேதி வந்தால் அவரைச் சப்பரத்தில் வைத்து, நோய் கண்ட தெருவுக்கு முதலில் கொண்டுபோவது முன்னோர் செய்த நேர்ச்சை. அதோடு ஒட்டிய வழக்கம் இன்னொன்று. செபஸ்தியார் தாண்டாத வாசலை நோயாளி தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி ஜீப் வந்து நின்றாலும் அனுப்ப மாட்டார்கள், ஊசிக்குக் கையும் நீட்ட மாட்டார்கள்.

இன்னாசி அப்படிக் காத்திருந்துதான் செத்தார். இப்போது அவர் மகள் லூர்துமேரிக்குக் கண்டுவிட்டது.

சப்பரத்துக்குத் தோள் கொடுக்கும் உரிமை கோயில் தெருவின் நாலு வீட்டுக்கு மட்டும். முன்பு ஒரு திருவிழாவில் கடற்கரைத் தெருக்காரர் ஒருவர் சப்பரத்தின் தண்டைத் தொட்டுவிட்டார் என்று கோர்ட் வரை போனவர்கள். நாலு வீட்டுக்கும் தலைவர் முசே லாசர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அதனால் ஊருக்கே அவர் ‘முசே’, பிரெஞ்சில் ஐயா.

கமிட்டி கூடியது. அன்றைக்கென்று நாலு தோளுக்கும் ஏதோ வந்துவிட்டது. ஒருவருக்குத் தோள்பட்டைப் பிடிப்பு. ஒருவருக்குச் சம்பந்தி வருகிறார். மூன்றாமவருக்கு டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்றிருந்தார். எந்த டாக்டர் என்று கேட்டதற்குப் பேர் மறந்துவிட்டது என்றார். முசேக்கு மட்டும் விஞ்ஞானம்.

“அங்க மிக்ரோப் இருக்குய்யா, மிக்ரோப்! கண்ணுக்குத் தெரியாது. செபஸ்தியார் இங்க இருந்தபடியே பாத்துக்குவாரு.”

இதைக் கேட்டுக்கொண்டு வாசல் பக்கம் நின்றவர் கபூர். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் சானிட்டரி இன்ஸ்பெக்டர். சைக்கிள் கேரியரில் பிளீச்சிங் பவுடர் மூட்டை.

“முசே, மிக்ரோப் பத்தி நான் பாத்துக்குறேங்க. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். உங்க அவுலியாவ மட்டும் ஒரு நடை அனுப்பி வைங்க. அவரு வராம அந்தத் தெருவுல ஒருத்தரும் ஊசி போட்டுக்க மாட்டேங்குறாங்க. கெணத்துல மருந்து போட விட மாட்டேங்குறாங்க. அந்தப் பொண்ணு கண்ணு உள்ள போயிக் கெடக்கு. அல்லாவுக்காகக் கேக்குறேன்.”

வேடிக்கையைப் பாருங்கள். செபஸ்தியாரை அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறவர் ஒரு முஸ்லிம், அதுவும் சுகாதார இலாகா. கிருமி இருக்கிறது, வேண்டாம் என்கிறது கோயில் கமிட்டி. சாமியார் பழுப்பு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப வேற ஆளு தூக்கட்டுமே” என்றேன்.

“அதெப்படி? உரிமை எங்களுது!” நாலு குரலும் ஒன்றாக வந்தன. தோள்பட்டைப் பிடிப்புக்காரர் கையை உயரத் தூக்கிப் பேசினார்.

கூடை

அப்போது வந்தாள் அந்தோணியம்மாள், இன்னாசியின் மனைவி. புருஷனைப் புதைத்த வீட்டுப் பெண் வாசல் தாண்டக் கூடாது என்பார்கள். தாண்டி வந்து நின்றாள். இடுப்பில் அவள் மீன் விற்கும் கூடை, கழுவித் துடைத்து உள்ளே வெள்ளைத்துணி விரித்திருந்தது.

“சாமி, எம் மவளுக்கு நாக்கு வறண்டு போச்சு. பேச்சு வரல. செபஸ்தியார குடுங்க.”

முசே எழுந்தார். “சப்பரத்துல கைய வச்சே, தெரியும்!”

“சப்பரம் யாருக்கு வேணும் முசே? அத நீங்களே பூட்டி வச்சுக்குங்க. செபஸ்தியாரு மட்டும் என்னோட வரட்டும்.”

“மீன் கூடையிலயா?”

“அதுலதான் முசே உங்களுக்கு வஞ்சிரம் வருது. அப்ப நல்லாத்தான இருக்கு?”

சாமியாரைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “கோயில் சாவி உங்ககிட்டதான இருக்கு, உபதேசியாரே” என்று மட்டும் சொன்னார். அவர் அந்த வருஷம் சொன்ன வார்த்தைகளில் அதுதான் எனக்குப் பிடித்தது. சுரூபத்தை இறக்கிக் கூடையில் வைத்தேன்.

அவள் தலையில் செபஸ்தியார் போனார். பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நான். எனக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கபூர். கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுச் சாமியாரும் வந்தார். தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்றார், பிறகு உள்ளே வந்துவிட்டார்.

கூடை தாண்டிய வாசலிலெல்லாம் கபூர் ஊசி போட்டார். ஒருத்தரும் மறுக்கவில்லை. செபஸ்தியார் முன்னால் நிற்கக் கிணற்றில் மருந்து விழுந்தது. லூர்துமேரியை ஜீப்பில் ஏற்றினோம். பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏறி அவள் பிழைத்தாள். கொஞ்சம் முந்திப் போயிருந்தால் இன்னாசியும் பிழைத்திருப்பார் என்று கபூர் என்னிடம் சொன்னார். அந்தோணியம்மாளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

முசே வீட்டு வாசல்

மிக்ரோப்புக்குக் கோயில் தெருவின் பெருமை தெரியாது போலிருக்கிறது. அடுத்த வாரம் முசேயின் சம்சாரத்துக்குக் கண்டது. முசேயே என்னைத் தேடி வந்தார்.

“உபதேசியாரே, செபஸ்தியார எங்க வீட்டுக்குக் கொஞ்சம் எழுந்தருளப் பண்ணணுமே.”

“சப்பரம் கட்டலாமா முசே? உங்க தோளு இப்ப எப்படி இருக்கு?”

முசே தோளைத் தடவிக்கொண்டார். அந்தோணியம்மாள்தான் கொண்டுவந்தாள், அதே கூடையில். முசேயின் சம்சாரம் ஜீப்பில் ஏறும் வரை பக்கத்தில் நின்று தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம் கபூர் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். முசே முறை வந்ததும், பட்டாளத்தில் எத்தனையோ சண்டை பார்த்தவர், நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

“எனக்கு வேணாம். ஜுரம் வரும். எனக்கு இவரு போதும்” என்று கூடையைக் காட்டினார்.

அந்தோணியம்மாள் கூடையை அவர் முகத்துக்கு நேரே இறக்கினாள்.

“நல்லாப் பாருங்க முசே. இவருக்கு உடம்பெல்லாம் அம்பு. உங்களுக்கு ஒரே ஒரு ஊசி. நீட்டுங்க கைய!”

நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு.

தை மாதத் திருவிழாவுக்குள் நாலு தோளும் குணமாகிவிட்டன. முன்தண்டு யாருக்கு என்று சண்டைகூட வந்தது. சப்பரம் புறப்படும் முன் முசே சுரூபத்தின் மேல் பிரான்ஸ் ஓதெகொலோன் சென்ட் தெளித்தார்.

“மீன் வாடை அடிக்குது உபதேசியாரே.”

“அடிக்கட்டும் முசே. உங்க வீட்டுல சாவு விழாம காத்தது அந்த வாடைதான்.”

இப்போதும் புதிதாக வேலைக்கு வரும் உபதேசியார்கள் எப்போதாவது யோசனை கேட்டு வருகிறார்கள். நான் சொல்வது இதுதான். நோய் வந்த தெருவுக்கு முதல் நாளே போங்கள். செபஸ்தியாரையும் ஊசிக்காரரையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போங்கள். சப்பரத்துக்காக நிற்காதீர்கள், கூடை போதும். கமிட்டி கூடி முடிவெடுத்து முடிப்பதற்குள் இன்னொரு இன்னாசிக்குக் குழி வெட்ட வேண்டியதாகிவிடும்.