அப்பளம் பொரித்த எண்ணெய்

மச்சானுடைய கருவிப்பெட்டியை எங்கள் வீட்டு மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஒரு ஆட்டோக்காரர். மச்சான் அவருக்குப் பின்னால் வலது கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி வந்தான். மழைக்காலம் தொடங்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது.

அவன் என் மனைவியின் தம்பி. தச்சு வேலை செய்பவன். பெங்களூரில் புதிதாக எழும்பும் அடுக்குமாடி வீடுகளுக்குள்ளே அலமாரியும் கட்டிலும் செய்து தரும் ஒரு மேஸ்திரியிடம் இருந்தான். பலகை அறுக்கும் மெஷின் ஒருநாள் சறுக்கியது. நடுவிரலிலும் மோதிரவிரலிலும் நரம்பு அறுந்துபோனது. டாக்டர் தைத்து முடித்து, விரல் மடங்குமா என்று ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போமை நாங்கள் ஆளுக்கு ஒரு விதமாக வீட்டுக்கு எடுத்து வந்தோம். என் மனைவி அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டாள். நான் எதையும் யோசிக்காமல் இருக்க அது ஒரு அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று சொல்லவில்லை.

மெஷின்கள் மேஸ்திரியுடையவை. உளிகள், இழைப்புளி, கைரம்பம் எல்லாம் அவனுடைய சொந்தம். சிவாஜிநகரில் மூன்று பேரோடு தங்கியிருந்த அவனுடைய அறைக்குக் கூரை வெறும் ஷீட்டு.

"ஷீட்டு ஒழுவுது மாமா. மழை வந்தா எல்லாம் துரு புடிச்சிடும். கையப் பத்தி எனக்குத் தெரியாது. இதுங்களயாவது நல்லா வெச்சிருங்க" என்றான்.

கூடவே ஒரு பாட்டில் விளக்கெண்ணெயும், பழைய ஷூ பாலிஷ் டப்பா ஒன்றில் அவனே காய்ச்சி ஆறவைத்த மெழுகும் கொடுத்தான். தேன்மெழுகு ஒரு பங்கு, ஆளிவிதை எண்ணெய் மூன்று பங்கு. இரும்புக்கு விளக்கெண்ணெய், அதுவும் இரண்டே சொட்டு, தடவியது தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்துவிட வேண்டும். மரப்பிடிக்கு மெழுகு, உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அவ்வளவுதான் அவன் சொன்னது.

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இயந்திரங்களைப் பராமரிப்பது எப்படி என்று கையேடு எழுதுவது என் வேலை. பம்ப் செட், மாவு மெஷின், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று இருபது வருஷமாக எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றின் திருகாணியைக்கூட நான் கழற்றியதில்லை. அப்படிப்பட்ட ஒருவனிடம் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும் என்று அவன் நினைத்தது நியாயம்தான்.

இரண்டு சொட்டு எனக்குக் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. எட்டு உளிகளுக்கும் கிட்டத்தட்ட எண்ணெய்க் குளியலே நடத்தினேன். முதல் மாதத்திலேயே பாட்டில் காலி. மெழுகு டப்பாவும் அடி தெரிந்துவிட்டது. புதிதாக வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டும். மழை, டிராபிக், சோம்பல். இவை மூன்றில் முதல் இரண்டை மட்டும் மனைவியிடம் சொன்னேன்.

ஆடி அமாவாசை அன்று அவள் வடையும் அப்பளமும் பொரித்தாள். மிஞ்சிய எண்ணெயை ஒரு தூக்கில் ஊற்றி மூடி வைத்திருந்தாள். மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு எனக்கு ஞானம் உதித்தது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே, இரும்புக்கு நாக்கா இருக்கிறது என்று நினைத்தேன். உளி, ரம்பம், மரப்பிடி எதையும் விடாமல் தாராளமாகப் பூசினேன். பிறகு ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டால் இறுகக் கட்டி, பெட்டியில் அடுக்கி, லாஃப்டில் ஏற்றிவிட்டேன். இவ்வளவு பத்திரமாக வைத்த பிறகு எதற்குத் திறந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். கை எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்பாள். பரவாயில்லை என்பான். வாரா வாரம் அதே சொல்தான். கட்டுப் பிரித்த பிறகும் ஸ்பூனால்தான் சாப்பிட்டான். டாக்டர் சொன்னார் என்றான். ஸ்பூனில் சாம்பார் சாதம் சாப்பிடுகிறவனை ஐ.டி. கம்பெனியில் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்த ஒரு சிரிப்புக்காகவே என்னை யாராவது உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது பெட்டியை இறக்கித் தரும்படி கேட்டு வந்தான். பூஜைக்கு வைத்த கருவியை விஜயதசமி அன்று எடுத்து ஒரு வேலை தொடங்க வேண்டும். வருஷம் தவறாமல் அவன் அப்படிச் செய்கிறவன். இந்த வருஷம் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவிதான் சொன்னாள்.

பெட்டியை இறக்கும்போதே எறும்பு வரிசை என் முழங்கையில் ஏறியது. மூடியைத் திறந்ததும் ஊசிப்போன பலகார வாடை. பிளாஸ்டிக் கவர்களில் பாதி கந்தலாகக் கிடந்தன. எலி.

அவன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான். எண்ணெய் பிசின் மாதிரி இறுகியிருந்தது. அதற்குள் அப்பளத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவன் நகத்தால் சுரண்டிய இடத்திலெல்லாம் செம்பழுப்பாகத் துரு. அப்பளத்தில் இருந்த உப்பும் நான் கட்டி வைத்த ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்றிருந்தன. இரண்டு உளிகளின் பிடியை எலி தின்றிருந்தது. அதில் ஒன்று ஒரு இஞ்ச் அகல உளி. அவன் தினமும் எடுப்பது. அந்தப் பிடியில் அவன் உள்ளங்கை படும் இடம் மட்டும் கறுத்துப் பளபளத்து, லேசாகக் குழிந்திருக்கும். எலிக்கும் அதே இடம்தான் பிடித்திருந்தது.

உளியை மூக்கருகே கொண்டுபோனான்.

"இது என்ன எண்ணெய் மாமா?"

"அப்பளம் பொரிச்சது."

சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நின்றாள். அவன் சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கத் தெரியும் எனக்கு. அவன் உளியை மெதுவாகப் பெட்டியின் மேல் வைத்தான்.

"கைதான் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றான்.

வாரா வாரம் பரவாயில்லை என்று சொன்னவன். அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் விவேக் நகரிலிருந்து சிவாஜிநகருக்குப் பஸ் ஏறினேன். நாட்டு மருந்துக் கடையில் விளக்கெண்ணெய், ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் கேட்டேன். பூஜைக்கா மருந்துக்கா என்றார் கடைக்காரர். செய்த பாவத்துக்கு என்றேன். அவர் தராசைக் கையில் எடுத்தபடி, அதுக்கு எத்தனை கிராம் போடட்டும் சார் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை விடப் பெரிய ஆள் ஒருவரைப் பார்த்த மரியாதையோடு கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று பேரும் பால்கனியில் உட்கார்ந்தோம். இரும்பு என் பங்கு. புளித்தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன். துரு போனது. அது தின்ற குழிகள் அம்மைத் தழும்பு மாதிரி நின்றன. வெந்நீரில் கழுவி, அடுப்பருகே வைத்துக் காயவைத்தாள் என் மனைவி. ஒரு பழைய பாத்திரத்தை வெந்நீருக்குள் இறக்கி மெழுகை உருக்கியதும் அவள்தான். அந்தப் பாத்திரம் இனிமேல் சமையலுக்கு ஆகாது என்று சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மரப்பிடிகளை மச்சான் எடுத்துக்கொண்டான். பிடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் உப்புத்தாள் போட்டான். எண்ணெய் தேய்க்க மட்டும் வலது கை. விரல்கள் விறைப்பாக நீட்டியபடி இருக்க, உள்ளங்கை மட்டும் மரத்தின் மேல் போய்ப் போய் வந்தது. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும், கொடியில் விரித்துப் போடுங்கள் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னான். முன்பு ஒரு தடவை சொல்வான்.

கழுவிக் காய்ந்த முதல் உளியை, கூர் சரியாக இருக்கிறதா பார் என்று அவனிடம் நீட்டினேன். பழக்க தோஷத்தில் வலது கையை நீட்டி வாங்கினான். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உளி நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"எண்ணெய் வழுக்குது" என்றான்.

அதற்கு நான் இன்னும் எண்ணெயே போடவில்லை. பால்கனியில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். என் மனைவி குனிந்து உளியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, அவனுடைய இடது கையில் கொடுத்தாள்.

ஆயுத பூஜை அன்று கருவிகளை ஒரு புதுத் துண்டின் மேல் வரிசையாக வைத்தோம். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. எலி கடித்த இரண்டையும் அவன் நடுவில் வைத்தான். தெருவில் ஆட்டோக்களெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. உடைத்த பூசணிக்காயில் சறுக்காமல் இருக்க எல்லோரும் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். என் பங்குக்கு நானும் கம்பெனி லேப்டாப்புக்குப் பொட்டு வைத்து ஒரு ஓரமாக வைத்தேன். அன்று யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து பெட்டி முன் உட்கார்ந்தான். பால்கனியில் தேக்குப் பலகை ஒன்று கிடந்தது. அக்காவுக்கு ஒரு அலமாரித் தட்டு செய்து தருவதாகச் சொல்லி எப்போதோ கொண்டுவந்து போட்டது. அதன் மேல் இழைப்புளியை வைத்தான். வலது கை பின்னால், இடது கை முன்னால். தள்ளினான். கை பிடியை விட்டுச் சறுக்கியது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை இழைப்புளி பக்கவாட்டில் சாய்ந்து நின்றுவிட்டது.

"நீங்க தள்ளுங்க மாமா."

"நானா?"

"தொடங்கணும் இல்ல. தள்ளுங்க."

தள்ளினேன். இருபது வருஷம் கையேடு எழுதிய கை. சீவல் சுருண்டு வருவதற்குப் பதிலாகப் பலகையில் ஒரு பள்ளம் விழுந்தது. அவன் பள்ளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். உப்புத்தாள் போட்டான். எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றி, உள்ளங்கையால் நெடுகத் தேய்த்தான். வெளுத்துக் கிடந்த தேக்கில் ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வெகுநேரம் தேய்த்தான். என் பள்ளம் மறையவில்லை. அதுவும் மரத்தோடு சேர்ந்து நிறம் ஏறிக்கொண்டது.

"கை விரிஞ்சு வேலை செய்யுதுக்கா. மடங்கித்தான் செய்ய மாட்டேங்குது" என்றான், பின்னால் வந்து நின்ற அக்காவின் பக்கம் திரும்பாமல்.

வேலை நடக்கும் இடங்களில் தச்சர்கள் வேறு செட், பாலிஷ்காரர்கள் வேறு செட். பாலிஷ்காரர்கள், தச்சர்கள் முடித்த பிறகு கடைசியாக வந்து எண்ணெயும் மெழுகும் தேய்த்துவிட்டுப் போகிறவர்கள். தச்சர்கள் அவர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பதுகூட அபூர்வம். நாங்க செஞ்சத துடைக்க வர்றவங்க என்று இவனே எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கிறான். போனை இடது கையால் எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டான்.

"அண்ணா, பாலிஷ் செட்டுல ஆள் கம்மின்னு சொன்னீங்களே. நான் வரேன். இல்லண்ணா, உளி வேலைக்கு இல்ல. பாலிஷுக்குத்தான். ஆமா. நாளைக்கே வரேன்."

அக்கா உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் மெழுகு டப்பாவையும் துணிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டான். பிறகு உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவி, எண்ணெய் இருப்பது தெரியாதபடி மறுபடி துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். எலி கடித்தவற்றையும் சேர்த்து எட்டு. இழைப்புளி, ரம்பம், எல்லாம். பெட்டியை இடது தோளில் ஏற்றிவிடச் சொன்னான். ஏற்றிவிட்டேன். நல்ல கனம். பாலிஷ்காரனுக்கு உளி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவன் படி இறங்கும் வரை பெட்டியின் பின்பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு கூடவே இறங்கினேன்.